மூன்றாவது கையொப்பம்

கேமரன் மலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குளிரும் ஸ்ட்ராபெரிப் பழமும் தேயிலைச் சரிவின் முன் நின்று எடுத்துக்கொள்ளும் படமும்தான். அந்தப் படத்தின் ஓரத்தில், பச்சைக்கு நடுவே, சில தகரக் கூரைகள் தெரியும். அவற்றில் ஒன்றின் கீழ்தான் நான் பிறந்து வளர்ந்தேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு பேருந்தேறி தேசிய இடைநிலைப்பள்ளி, இன்று பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் இறுதியாண்டு. இக்கட்டுரையை அந்தக் கூரையின் கீழிருந்தே எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலை ஆலையில் முப்பதாண்டுக்கு மேல் வேலை செய்கிறார். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என எல்லாப் படியிலும் அவர் கை பட்டிருக்கிறது. புளிக்கும் இலையில் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்து "போதும்" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் அன்றைய தேநீரின் நிறமும் சுவையும் அடங்கியிருக்கின்றன. டிப்ளோமாவுடன் வந்த அதிகாரிகள் மூவருக்கு அவர் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். மூவரும் மேலே போய்விட்டார்கள். அப்பா அதே இடத்தில் இருக்கிறார். நான் வருத்தப்பட்டால், "மூக்கு இருக்கிறவன் சொல்லணும், பேப்பர் இருக்கிறவங்க எழுதணும், அவ்வளவுதான்மா" என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு எனக்குத் தொழிற்பயிற்சி வந்தது. தேயிலை ஆலை ஒன்றில் பயில வேண்டும் என்று விரும்பினேன். வகுப்பறையில் படித்த வேதியியலை அப்பாவின் மூக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அப்படியொரு ஏற்பாடு இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் சமவெளியில் ஒரு நிறுவனத்தில் 12 வாரம் நகல் எடுத்தும் பெட்டிகளில் சீட்டு ஒட்டியும் முடித்தேன். விரிவுரையாளர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். மானியம் இருந்தால்தான் ஒப்பந்தம் வரும்" என்றார். இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்தப் பதில்தான்.

கல்விக்கூடமும் நிறுவனமும் கைகோக்க அரசு மானியம் கொடுப்பது புதிய செய்தியன்று. பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய ஒரு திட்டம் 2003 முதல் அறிவுப் பரிமாற்றக் கூட்டுறவு என்ற பெயரில் நடந்து வருகிறது. பட்டதாரி ஒருவர் நிறுவனத்திற்குள் சென்று ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்ப்பார். பல்கலைக்கழகம் அவருக்கு வழிகாட்டும். செலவில் சிறு நிறுவனம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் பெரிய நிறுவனம் பாதியையும் ஏற்கும், மீதம் மானியம். நம் நாட்டிலும் உயர்கல்வி அமைச்சு 2011-இல் இதைப்போன்ற அறிவுப் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தொழில்துறைக்கு ஒரு பிரிவும் சமூகத்திற்கு ஒரு பிரிவும் வகுக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2005-இல், ஜெர்மனியைப் பின்பற்றித் தேசிய இரட்டைப் பயிற்சி முறை வந்தது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதம் பயிற்சிக் கழகத்தில் என்பது அதன் ஏற்பாடு.

நம் நாட்டில் இவற்றுக்கு மூத்த எடுத்துக்காட்டு பினாங்கில் இருக்கிறது. 1989-இல் அங்கே திறன் மேம்பாட்டு மையம் தோன்றியபோது அரசு, தொழிற்சாலைகள், கல்வியாளர் என்ற முத்தரப்பும் ஒரு மேசையில் அமர்ந்தனர். மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு எத்தகைய கைகள் தேவையோ, அத்தகைய கைகளை அம்மையம் உருவாக்கியது. அங்கே முடிந்தது மலையில் ஏன் முடியவில்லை என்று கேட்பது எளிது. அதற்கு முன் நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வியும் முதலாளியும் மானியமும் இணைந்த ஏற்பாடு தோட்டத்திற்குப் புதியதன்று. நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே அது இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் என்பதே அதன் பெயர்!

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பின்னர் மாணவர் வருகையைக் கணக்கிட்டு அரசு மானியமும் கொடுத்தது. இடம் தோட்டத்துடையது, கட்டடம் தோட்டத்துடையது, பல இடங்களில் பாடம் சொன்னவர் கிராணியோ கங்காணியோதான். கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியபோதும் நாட்டில் நிலவிய முறை இதுதான். அந்தப் பள்ளிகள் நம் மொழியைக் காப்பாற்றின என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியொரு பள்ளி இல்லாதிருந்தால் இன்று இதைத் தமிழில் எழுதியிருக்கவே மாட்டேன். ஆயினும் அன்றைய கூட்டுறவு எந்தப் படியில் நின்றது என்பதைப் பாருங்கள். ஆறாம் ஆண்டில் நின்றது. கையெழுத்துப் போடத் தெரிந்த, ஆனால் மலையைவிட்டு இறங்கத் தெரியாத கைகள்தாம் தோட்டத்திற்குப் போதுமானவையாக இருந்தன. பணத்தைப் பிடித்திருப்பவர் எவரோ, அவரே பிள்ளை எந்தப் படிவரை ஏறலாம் என்பதையும் முடிவு செய்தார்.

எனவே, மானியம் வேண்டும் என்று மட்டும் நான் கேட்கப் போவதில்லை. மானியப் பத்திரத்தில் யார் யார் கையொப்பமிடுகிறார்கள் என்று கேட்கிறேன். இன்று இரண்டு கையொப்பங்களே இருக்கின்றன. ஒன்று பல்கலைக்கழகத்தினுடையது, மற்றொன்று நிறுவனத்தினுடையது. மூன்றாவதாக ஒரு கையொப்பம் வேண்டும். அது தோட்டத்து மக்களுடையது. தொழிற்சங்கமோ தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ அவர்கள் சார்பில் கையொப்பமிடலாம்.

அந்த மூன்றாவது தரப்பு கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இடம். தேயிலை பற்றிய ஆய்வுக்கோ பயிற்சிக்கோ பொதுப்பணம் செலவானால், அந்த மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதில் சில இடங்களை ஒதுக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவர்க்கு இரட்டைப் பயிற்சி, பட்டப்படிப்பில் இருப்பவர்க்குத் தொழிற்பயிற்சி என்று இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, அங்கீகாரம். முன் அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. பணியில் கற்றதைச் சான்றுகளோடு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். தேயிலை பதப்படுத்தும் வேலைக்குப் பொருந்தும் தரத்தை வகுத்து, ஆலையில் பல்லாண்டு உழைத்தவர்களை அதற்கு அனுப்புவதும் கூட்டுறவின் பணியாக வேண்டும். ஆய்வாளர் முதலில் பாடம் கேட்பது தொழிலாளியிடம்தான். அந்த ஆசிரியருக்கு ஒரு தாளாவது கிடைக்கட்டுமே!

மூன்றாவது, கணக்கு. மனிதவள மேம்பாட்டு நிதி 1993 முதல் நடப்பில் இருந்தாலும், வேளாண்மைத் துறை அதன் வளையத்திற்குள் வந்தது 2021 மார்ச்சில்தான். அந்த விரிவாக்கத்தின்படி, மலேசியத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி அவர்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை நிதிக்குச் செலுத்துகிறார். பிறகு அவர்களின் பயிற்சிக்காக அதைத் திரும்பக் கோரலாம். அந்தப் பணம் அலுவலகத்தில் இருப்பவரின் கணினி வகுப்புக்குப் போகிறதா, ஆலையில் நிற்பவருக்கும் வருகிறதா என்பதைத் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன?

இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவேன். "தோட்டத்தில் தமிழர்களே குறைந்துவிட்டார்கள், இனி யாருக்காக இந்தத் திட்டம்?" என்பார்கள். உண்மைதான். எங்கள் தோட்டத்தில் இன்று கத்தரியும் இயந்திரமும் கொண்டு கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும்தான். என்னோடு முதலாம் ஆண்டில் படித்தவர்களில் பலர் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் போனது மலையை வெறுத்தா? கொழுந்துக் கூடைக்கும் மேலாளர் நாற்காலிக்கும் நடுவே ஏறுவதற்குப் படியே இல்லாததால் போனார்கள். படி இல்லாத வீட்டில் மாடி இருந்து என்ன பயன்?

இன்னொரு மறுப்பு எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. "உன்னைப் படிக்க வச்சது மறுபடி இங்க வரவா?" என்று அம்மா கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு தலைமுறை முழுதும் பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கிவிடத்தான் உழைத்தது. தோட்டக் கல்வியும் தோட்ட வேலையும் மீண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டால், பழைய கயிறு புதிய பெயரில் வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் பயிற்சிக்குப் பின் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்கிறேன். சான்றிதழ் நாடெங்கும் செல்ல வேண்டும். திரும்பி வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் நின்ற பழைய ஏற்பாட்டிற்கும் நான் கேட்கும் ஏற்பாட்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

"தேயிலையில் இலாபம் குறைவு, நிறுவனத்தால் எப்படித் தாங்க முடியும்?" என்றும் கேட்கலாம். மானியம் இருப்பதே அதற்காகத்தானே! நிறுவனம் தனியாகத் தாங்க முடியாததைப் பொதுப்பணம் பகிர்ந்து கொள்கிறது. பொதுப்பணம் வரும்போது பொதுமக்களின் நிபந்தனையும் கூடவே வருவது முறைதான்.

அப்பாவுக்கு இவ்வாண்டு 57 வயது. 60-இல் ஓய்வு. ஓய்வு பெற்றால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். கையில் ஒரு திறன் சான்றிதழ் இருந்தால், வேறோர் ஆலையில் பயிற்றுநராகவாவது அவரை அழைப்பார்கள். இல்லாவிட்டால் அந்த மூக்கின் அறிவு லாரியில் ஏறும் தட்டுமுட்டுச் சாமான்களோடு மலையிறங்கிவிடும். தம்பி படிவம் ஐந்தில் இருக்கிறான். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறான். அவனைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால், "இங்கேயும் ஒரு வழி இருக்கிறது தம்பி" என்று சொல்ல எனக்கு ஒரு வழியாவது இருந்திருக்கலாம்.

அன்பு வாசகர்களே, கொள்கையை வகுப்பது நம் கையில் இல்லை. மனு எழுதுவது நம் கையில் இருக்கிறது. சான்றிதழுக்கான கோப்பைத் தயாரிக்க மலாயில் எழுத வேண்டிய பக்கங்களைக் கண்டே நம் பெற்றோரில் பலர் பின்வாங்குகிறார்கள். நாமோ நாளும் மலாயில் பணிப்பாடம் எழுதுகிறோம். விடுமுறையில் தோட்டத்திற்குத் திரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு தொழிலாளியின் அனுபவத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் போதும். பல்கலைக்கழகத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே, எந்த மானியத்திற்கும் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடிய கூட்டுறவு அது.

நான் வரும் தீபாவளி விடுமுறையில் தொடங்குகிறேன். முதல் கோப்பில் அப்பாவின் பெயர் இருக்கும். முதல் பக்கத்தில், இலை எப்போது "போதும்" என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை எழுத வேண்டும். கேட்டால் சிரிப்பார். விடாமல் கேட்பேன்.