பாட்டியையே கேளுங்கள், டாக்டர்!

புதுக்கோட்டை போயிருந்தபோது, தலைசுற்றுகிறது என்ற என் அத்தையை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அத்தைக்கு வயது 82. "பாட்டிக்கு என்ன செய்கிறது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "பசி எப்படி?" என்றதும் என்னைத்தான். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தைக்குக் காதுதான் மந்தம், வாய் அல்லவே! "பசி எனக்கா, அவளுக்கா?" என்றாள். நல்லவேளை, டாக்டர் சிரித்துவிட்டார்.

குழந்தை வைத்தியத்தைத் தனியாகப் படிக்கிறார்கள். முதியோர் வைத்தியத்தையும் அப்படிப் படிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வெகுகாலம் ஆயிற்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் டாக்டர் வி. எஸ். நடராஜன் இதற்கென்று தனிப் பிரிவு துவக்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பே வந்தது, இந்தியாவுக்கே அதுதான் முதல். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான் என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை!

அப்படி என்னதான் படிக்கிறார்கள் என்கிறீர்களா? வயதானவர்களுக்கு நிமோனியா ஜுரமே இல்லாமல் வரலாம். திடீரென்று மனக்குழப்பம் மட்டும் தெரியலாம். மாரடைப்பு, வலியில்லாமல் வெறும் மூச்சுத் திணறலாக வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று நாம் இருந்துவிடுவோம். பயிற்சி பெற்ற நர்ஸ் அப்படி விடமாட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பாள். 12 விநாடிக்கு மேல் ஆனால், விழக்கூடியவர் என்று அர்த்தம். ரத்த அழுத்தத்தைப் படுத்தபடி ஒரு தரம், எழுந்து நின்றபின் ஒரு தரம் பார்ப்பாள். மாத்திரைகளை ஒன்று விடாமல் கொண்டுவரச் சொல்வாள்.

அத்தையின் தலைசுற்றலும் இப்படித்தான் பிடிபட்டது. அரசாங்கம் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீடு தேடி வருகிற பெண், திண்ணையில் உட்கார்ந்து அழுத்தத்தைப் பார்த்தாள். மிகவும் குறைவு! அத்தையின் மாத்திரை டப்பாவை அப்படியே நர்ஸிடம் காட்டச் சொன்னாள். பார்த்தால், இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பெயர்களில், அழுத்தத்தைக் குறைக்கும் ஒரே மருந்து! ஒன்றை டாக்டர் நிறுத்தினார், தலைசுற்றலும் நின்றது.

எங்களில் ஒருவருக்காவது அந்த டப்பாவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

"அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், சொன்னேன்" என்கிறாள் அத்தை. "அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நீ வெளியிலேயே இரு."