ஆள் கிடைக்கலையா, அழைக்கத் தெரியலையா?

'கிராமத்துல ஃபேக்டரி போட்டேன் சார். தகுதியான இன்ஜினீயர் ஒருத்தன்கூட வர மாட்டேங்கறான்!' இந்த ஒப்பாரியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஏன் வரணும்? சென்னைச் சம்பளத்தில் பாதிதான் தருகிறார்கள். கேட்டால், 'அங்கே செலவு கம்மி' என்கிறார்கள். வாடகை குறையும், சரி. கல்விக்கடன் தவணை குறையுமா? பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்கு இது. மனைவிக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் ஒரு பஸ்... விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்குப் போனது ஜோஹோ. அதற்கு முன்பே பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, ஃபீஸ் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் கற்றுத்தர ஆரம்பித்த நிறுவனம் அது. பட்டத்தைத் தேடி அலையாமல் ஆளை உருவாக்கினார்கள். எல்லா முதலாளியாலும் பள்ளிக்கூடம் நடத்த முடியாதுதான். பக்கத்து பாலிடெக்னிக்கில் பத்துப் பேரை எடுத்து, ஆறு மாசம் சம்பளத்தோடு பழக்கவுமா முடியாது?

முதலாளியை மட்டும் திட்டினால் போதாது. ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்த பையனிடம், 'ஏம்ப்பா, மெட்ராஸ்ல ஒண்ணும் அமையலையா?' என்று துக்கம் விசாரிப்பது யார்? அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பது யார்? நாம்தானே! பிறகு, ஊரில் தனியாகக் கிடக்கும் அப்பா அம்மாவை நினைத்து உருகுவதும் நாம்தான்.

அடுத்த முறை அந்தப் பையனைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'சம்பளம் ஒழுங்கா தர்றாங்களா தம்பி?'

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.