பழைய கோடாலிக்குப் புதுப் பிடி

சென்ற சோளகக் காலத்தில் எமது வளவில் நேரவிருந்த விபத்தொன்றை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. விறகு கொத்துவதற்காக ஓங்கிய கோடாலியின் இரும்பு, பிடியை விட்டுக் கழன்று பின்புறமாகப் பறந்தது. கிணற்றடியில் இருந்து பூக் கோத்துக்கொண்டிருந்த எமது பேத்திக்கு ஒரு முழத் தூரத்தில் அது மண்ணிற் புதைந்தது. குழந்தை தப்பியது தெய்வச் செயலே.

குற்றம் கோடாலியுடையதன்று, எம்முடையதே. ஐந்தாறு நாட்களின் முன் இரும்பு ஆடுவதைக் கண்டு, கோடாலியை இராமுழுவதும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தோம். காலையில் அது அசையாது நின்றது. அந்த இறுக்கத்தை நம்பி மோசம் போனோம். நம்மவர் இல்லங்களிற் பெரும்பாலும் கையாளப்படும் வைத்தியம் இதுவேயாதலால், அதன் கேட்டை இவ்வாரம் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

செய்தியைக் கேள்வியுற்று வந்த அயலிலுள்ள முதிய தச்சர், பிடியைக் கையிலெடுத்துப் பார்த்து, "தம்பி, நனைச்சு இறுக்கினது காய்ஞ்சால் முன்னையிலும் கழரும்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்னதன் உட்பொருள் இதுதான். மரம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பச்சை மரம் முற்றாகக் காய்கையில் நீளவாக்கிற் குறுகுவது ஆயிரத்தில் ஓரிரு பங்கே. குறுக்குவாக்கிலோ நூற்றிற் பல பங்கு குறுகும். இரும்புக்கோ ஈரத்தால் இவ்வித மாற்றம் இல்லை. ஆகவே, ஊறிய மரம் விரிய முயன்று, இரும்பு வளையம் இடங்கொடாமையால் தன்னையே நசுக்கிக்கொள்கின்றது. நசுங்கிய நார் மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. காய்ந்ததும் அது முன்னிருந்த அளவிலும் சிறுத்து விடுகின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும், அதன்பின் நெடிய வறட்சியும் நிலவும் எமது குடாநாட்டில், மரத்தின் இந்த விரிவும் சுருக்கமும் ஆண்டுதோறும் நிகழ்பவை.

அப்படியாயின் இரும்பையும் மரத்தையும் பிணைத்து வைப்பது எது? இறுக்கம் அன்று, தழுவலே. மரம் இரும்பின் உட்புறம் முழுவதையும் தழுவி நின்றால் அடியின் வேகம் எங்கும் பரவும். ஓரிடத்தில் மாத்திரம் முட்டி நின்றால் அவ்விடம் நசுங்கி, இடைவெளி உண்டாகும், இடைவெளி ஆட்டமாகும்.

துப்பாக்கி செய்வோர் இவ்வுண்மையை நன்கு அறிந்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, வாதுமை மரத்துக்குப் பதிலாக உள்ளூர் மரங்களால் துப்பாக்கிக் கட்டைகளைச் செய்தது. வெடியின் உதைப்பால் மரம் நசுங்காதிருக்க, இரும்பு முட்டும் இடத்திற் செப்புத் தகடுகளைப் பதித்தனர். பிற்காலத்தவர் எப்பொக்சி பிசினைக் கட்டையினுள் வார்த்து இடைவெளிகளை நிரப்பலாயினர். துப்பாக்கி அனுமதிப் பத்திரத்துக்கு உட்பட்டது. அது நமது வீட்டு வேலையன்று. ஆயினும் அதன் பாடம் நமது கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் பொருந்தும். இன்னொரு சேதியும் உண்டு. நமது வேலிகளில் நின்று தோட்டத்துக்குத் தழை தரும் பூவரசே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் துப்பாக்கிக் கட்டைக்கும் வண்டி வேலைக்கும் விரும்பி எடுக்கப்பட்ட மரங்களுள் ஒன்று!

இனிச் செய்முறைக்கு வருவோம். நார் நேராக ஓடும், கணுவில்லாத பூவரசந் துண்டைத் தெரிந்தெடுத்து, இரு நுனிகளிலும் மெழுகு பூசி, நிழலிற் பல மாதங்கள் காயவிட வேண்டும். வெயிலிற் காய்த்தால் வெடிக்கும். பிடி போடுவதற்கு உகந்த காலம் வறட்சிக் காலமே. அப்போது மரம் சுருங்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

பிடியைச் சற்றுப் பருமனாகச் சீவிக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியிற் படிந்த கரியைச் சிறிது எண்ணெயிற் குழைத்து, இரும்புத் துவாரத்தின் உட்புறத்தில் மெல்லெனப் பூசுக. பிடியை நுழைத்து, இலேசாகத் தட்டி, மீண்டும் கழற்றிப் பார்த்தால், மரம் முட்டும் இடங்களில் மாத்திரம் கரி ஒட்டியிருக்கும். அவ்விடங்களை அரத்தாலோ கண்ணாடித் துண்டாலோ சுரண்டி, மறுபடியும் நுழைத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறையேனும் இவ்வாறு செய்ய நேரும். கரி எங்கும் சமமாகப் படியும்போது வேலை கனிந்ததென்று அறியலாம். பொறுமையற்றவர்கள் இங்கேதான் தவறுகின்றார்கள். முட்டும் இடத்தைத் தேடாமல், ஓங்கி அடித்து ஏற்றிவிடுகின்றார்கள்.

பின்னர், இரும்பினுள் நிற்கும் பகுதியின் ஆழத்தில் மூன்றில் இரு பங்குக்கு வாளால் ஒரு பிளவு அறுத்து, இரும்பை மாட்டி, கோடாலியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்துப் பிடியின் அடிநுனியைக் கொட்டாப்புளியால் தட்டுக. இரும்பு தன் பாரத்தால் நிற்க, பிடியே அதனுள் ஏறும். இறுதியாக, நன்கு காய்ந்த முதிரை அல்லது பாலை ஆப்பைப் பிளவில் இறக்க வேண்டும். ஆப்பு தழுவலை நிலைநிறுத்துமேயன்றி, இல்லாத தழுவலை உண்டாக்கமாட்டாது.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் சிறந்தது. அது மரத்தினுட் சென்று உலர்ந்து, ஈரம் விரைவிற் புகாதவாறு காக்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் உலர்வதில்லை, பிசுபிசுப்பே மிஞ்சும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள்; அது தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்திய பின்பே எறிய வேண்டும்.

எமது கோடாலி புதுப் பிடியுடன் ஒரு மாரியையும் ஒரு சோளகத்தையும் கண்டுவிட்டது, ஆட்டம் இல்லை. எனினும், ஒவ்வொரு தடவையும் ஓங்குமுன் இரும்பைக் கையாற் பிடித்து அசைத்துப் பார்க்கின்றோம். குழந்தைகள் எங்கே நிற்கின்றார்கள் என்றும் திரும்பிப் பார்க்கின்றோம். வாசகர்களும் இவ்விரண்டையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகின்றோம்.