சில்க் மார்க் இருந்தா காஞ்சிப் பட்டா?

திருப்புட்குழிப் பெருமாளைச் சேவிச்சுட்டு, அப்படியே காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கிறீங்க. அதில் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கு. எந்த முடிவு சரி?

அ) காஞ்சிபுரத்தில் நெய்தது
ஆ) கைத்தறியில் நெய்தது
இ) அசல் பட்டு நூல்

விடை 'இ' மட்டும்தான். விசைத்தறிப் பட்டுக்கும் சில்க் மார்க் கிடைக்கும். ஜரிகையைப் பற்றி அது பேசாது. கைத்தறிக்குத் தனி முத்திரை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு.

சிசாட், கேட் தேர்வுகள் கேட்பதும் இதையேதான்: 'உண்மையா இருக்கலாம்' என்பது போதாது, கொடுத்த தகவல் தாங்கும் முடிவு வேண்டும். நமக்குத் தெரிந்ததைச் சேர்த்தால் மார்க் போச்சு.

கடையிலும் அப்படியே யோசிக்கணும். விசைத்தறிப் புடவைக்குக் கைத்தறி விலை கொடுத்தால், நஷ்டம் நமக்கு மட்டுமில்லை. தறியில் உட்கார்ந்து நெய்தவருக்கும்தான்.