மாணவரைத் தேடிச் செல்ல வேண்டிய உளவளத்துணை

பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் பிள்ளை கரைசேர்ந்துவிட்டதென்றே எமது சமூகம் கருதுகின்றது. ஆனால், பலரது உள்ளங்களில் போராட்டம் ஆரம்பமாவதே அதன் பின்னர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் எட்டு நாடுகளின் முதலாம் வருட மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற ஏதேனுமொரு பாதிப்புக்கு உள்ளாகியிருந்ததை வெளிப்படுத்தியது.

இலங்கை அந்நாடுகளுள் ஒன்றல்ல. ஆயினும், இங்குள்ள மாணவரின் சுமை குறைந்ததுமல்ல. வீட்டைப் பிரிந்த விடுதி வாழ்க்கை, ஆங்கிலமொழி மூலக் கற்கை, 1998ஆம் ஆண்டின் சட்டத்தாலும் ஒழிந்துவிடாத பகிடிவதை, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி குடும்பங்களில் விட்டுச்சென்ற கடன் என்பன அவர்களை அழுத்துகின்றன.

பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்கள் இருக்கவே செய்கின்றனர். எனினும், அவர்களுட் பலர் விரிவுரையாளர்கள். தமது விடைத்தாளைத் திருத்துபவரிடமே மனந்திறந்து பேச எத்தனை மாணவர்கள் துணிவர்? உளமருத்துவரை நாடினால் 'பைத்தியம்' என்ற பெயர் சூட்டப்படும் அச்சம் வேறு.

இந்நிலையில், இணையவழி உளச்சிகிச்சை கவனத்திற்குரியதாகின்றது. சிந்தனையையும் நடத்தையையும் படிப்படியாகச் சீர்செய்யும் பயிற்சிகளை மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் கைத்தொலைபேசியிலேயே மேற்கொள்ளலாம். காணொளி, குரல், எழுத்து என விரும்பிய வழியில் ஆலோசகருடன் உரையாடலாம். எனினும், பயிற்சிபெற்ற ஒருவர் தொடர்ந்து வழிகாட்டும்போதே பயன் அதிகம் என்பதும், தனித்து விடப்படுவோர் இடைநடுவே கைவிடுவது கூடுதலாக உள்ளதென்பதும் ஆய்வுகள் காட்டும் உண்மையாகும். ஆகவே, செயலியொன்றை அறிமுகப்படுத்திவிட்டு, ஆலோசகர் நியமனத்தைத் தட்டிக்கழிக்க இடமளிக்கக் கூடாது.

2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, 'லேர்ன்' வலையமைப்பின் ஊடாகத் தரவுக் கட்டணமின்றி விரிவுரைகள் நடத்தப்பட்டன. விரிவுரைக்குச் சாத்தியமானது உளவளத்துணைக்கு மட்டும் ஏன் சாத்தியமாகாது? அச்சேவை தமிழிலும் சிங்களத்திலும் சமதரத்தில் கிடைக்க வேண்டும். துயரத்தை அந்நிய மொழியில் சொல்லுமாறு எவரையும் கேட்க முடியாது. உரையாடல் விபரம் எதுவும் நிர்வாகத்தின் கைகளுக்குச் செல்லாதென்ற உத்தரவாதமும் அவசியம். அறுவர் பகிரும் விடுதி அறையில் இரகசியம் பேச முடியாதாகையால், வளாகத்திலேயே தனியிடமும் ஒதுக்கப்பட வேண்டும்.

தற்கொலை எண்ணம் கொண்டவருக்கு இணையப் பயிற்சி போதாது. அவருக்கு நேரடி மருத்துவ உதவி உடன் கிடைக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் காணப்பட வேண்டும்.

ஒரு மாணவரை இழந்த பின்னர் இரங்கற் கூட்டம் நடத்துவதிலும் பார்க்க, அவர் பேச விரும்பும் வேளையில் செவிமடுக்க ஒருவரை அமர்த்துவதே மேலானது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதனைத் தாமதமின்றிக் கருத்திற் கொள்ள வேண்டும்.