லேசான கைக்கு எத்தனை மார்க்?

டிரெஸ்ஸாஜ்னா குதிரை டான்ஸ்னு சிரிக்காதீங்க மக்களே. 1733-ல பிரெஞ்சுக்காரர் லா கெரினியேர் எழுதின நூல்தான் வியன்னாவோட ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளிக்கு இன்னிக்கும் அடிப்படை. விஷயம் சிம்பிள்: பொறுமையான பயிற்சியில குதிரை தன் பாரத்தைப் பின்னங்கால்ல தாங்கப் பழகணும். அப்புறம் லகானை இழுக்கவே வேணாம், கை தானா லேசாகும்.

இதுக்கு வருஷக்கணக்காகும். குறுக்குவழி, கழுத்தை வலுக்கட்டாயமா மடக்கி மூக்கை நெஞ்சோட சேக்குறது. பேரு ரோல்கூர். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010-லயே இதை ஏத்துக்க முடியாதுன்னு அறிவிச்சாச்சு. குதிரையோட முகம் செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னாலதான் இருக்கணும்னு விதியும் இருக்கு.

அப்புறமும் மூக்கு உள்ள மடிஞ்ச குதிரைக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்தா? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்! நடுவர் பேனா மாறினா பயிற்சியும் மாறும். நீங்க என்ன சொல்றீங்க?