உழவாரத்தை மறந்த யோகம்

தொண்டு பெரிதா, தியானம் பெரிதா என வினவும் அன்பர்களை நாம் அடிக்கடி சந்திக்கின்றோம். கேள்வியே பிழை என்போம். திருநாவுக்கரசர் பாடிய நாவோடு உழவாரம் ஏந்திய கையும் உடையவர். கோயில் வீதியிற் புல் செதுக்குவதைத் தவத்துக்கு இடையூறாக அவர் கருதினாரல்லர். சைவம் சரியையை முதற்படியாக வைத்ததும் வீணுக்கன்று. அப்படியை மிதியாமலே யோகம் பேசுவோர்தாம் இன்று பலர்!

தொண்டை மட்டும் பேசுவோரும் தப்பமுடியாது. அன்னதானத்துக்கு அள்ளிக்கொடுத்துவிட்டுப் பந்தியிற் சாதி பார்ப்பவர் செய்வது தொண்டாகுமா? அகத்தைத் துருவிப் பாராத கை அது.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் வழிபடும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் அமர்ந்தனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. எனினும் வழி மறிக்கப்பட்டது. மறித்து நின்றோர் நீறணியாதவர்களா, செபமறியாதவர்களா? அவர்கள் எண்ணிய உருத்திராக்க மணிகளுக்கு என்ன கணக்கு எழுதுவது என்பதை யோகம் பேசும் அன்பர்களே சொல்லட்டும்.